ஒரு சார்ட் பட்டனுக்கு நடந்த சண்டை

இன்னைக்கு நாம 2014 ஜனவரிக்குப் போறோம். இடம், அமெரிக்காவில் இருக்கிற யேல் பல்கலைக்கழகம்.

அங்கே அப்போ ஒரு வழக்கம் இருந்தது. செமஸ்டர் தொடங்கியதும் முதல் இரண்டு வாரம் மாணவர்கள் பிடித்த வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அதுக்கப்புறம்தான் பாடங்களை உறுதி செய்யணும். இதுக்குப் பேரே ‘ஷாப்பிங் பீரியட்’. நூற்றுக்கணக்கான பாடங்கள் இருக்கும்போது எதை எடுக்கிறது?

அதுக்கு ஒரு வழி இருந்தது. செமஸ்டர் முடியும்போது மாணவர்கள் பாடங்களுக்கு ரேட்டிங் கொடுப்பாங்க. அதை மற்ற மாணவர்களும் பார்க்கலாம்னு ஆசிரியர்கள் 2003-லேயே முடிவு பண்ணியிருந்தாங்க. ஆனா ஒவ்வொரு பாடமா திறந்து பார்க்கணும்; சராசரி கிடையாது.

பீட்டர் ஷூ, ஹாரி யூ என்ற இரட்டைச் சகோதரர்கள் அங்கே படிச்சிட்டு இருந்தாங்க. அதே ரேட்டிங்கை எடுத்து, சராசரி போட்டு, வரிசைப்படுத்திக் காட்டுற ‘யேல் ப்ளூபுக் பிளஸ்’ தளத்தை உருவாக்கினாங்க. 5,000 சொச்சம் இளநிலை மாணவர்களில் சுமார் 2,000 பேர் அதைப் பயன்படுத்தினாங்க. ஷாப்பிங் பீரியட் நடுவிலேயே பல்கலைக்கழகம் தன் நெட்வொர்க்கில் அந்தத் தளத்தை முடக்கியது.

இதில் ஒரு வேடிக்கை. யேலின் அதிகாரபூர்வ ‘ப்ளூபுக்’கும் முதலில் மாணவர்கள் எழுதியதுதான். பல்கலைக்கழகம் அதைப் பிறகு வாங்கிக்கொண்டது.

டீன் மேரி மில்லர் ஒரு திறந்த கடிதத்தில் காரணம் சொன்னார். அனுமதி இல்லாமல் டேட்டாவை எடுத்தது ஒன்று. பாட விவரத்தையும் கருத்துகளையும் விட ரேட்டிங்கை முன்னால் நிறுத்தியது இன்னொன்று.

இரண்டாவது காரணத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. சராசரிப்படி அடுக்கினால், பிழிந்தெடுக்கிற ஆனா நல்லா கத்துக்கொடுக்கிற பாடம் அடியில் போய்விடலாம். அடியில் இருப்பதை யார் ஸ்க்ரோல் பண்ணிப் பார்க்கப் போறாங்க? ஆனா அதுக்குத் தளத்தையே மூடுறது தீர்வா?

ஷான் ஹாஃப்லர் என்ற இன்னொரு மாணவர் கோடிலேயே பதில் சொன்னார். ‘பேன்ட் ப்ளூபுக்’ என்று ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன். அது யேல் தளத்திலிருந்தே ரேட்டிங்கை எடுத்து, உங்க பிரவுசரிலேயே கணக்குப் போட்டு, யேல் பக்கத்திலேயே காட்டும். தனி சர்வர் இல்லை. அப்போ எதை பிளாக் பண்றது? அடுத்த ஓரிரு நாளில், இன்னும் பொறுமையாக நடந்திருக்கலாம் என்று டீன் எழுதினார். சகோதரர்களின் தளம் ‘கோர்ஸ்டேபிள்’ என்ற பெயரில் தொடர்ந்தது.

எனக்கு சார்ட் என்பது ஒரே வரி கோட். இங்கே டேட்டா மாறவே இல்லை, வரிசை மட்டும்தான் மாறியது. அதுக்கே ஒரு பல்கலைக்கழகம் பதறியது என்றால், அந்த ஒரு வரி எத்தனை பேரோட படிப்பைத் திருப்புகிறது என்று பாருங்க. அடுத்த முறை எலெக்டிவ் லிஸ்ட்டைத் திறக்கும்போது, முதலில் இருக்கிற பாடம் ஏன் அங்கே இருக்குன்னு ஒருதடவை கேளுங்க. கடைசிப் பக்கத்தையும் புரட்டுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!