கோவை மில்களின் மின்கணக்கு

ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பின்னால் எவ்வளவு கார்பன் என்ற கேள்வி கோவை நூல் மில்களுக்குள் நுழைந்து ஏறக்குறைய இருபது ஆண்டுதான் ஆகிறது. எத்தனை யூனிட் என்ற கேள்விக்கோ தொண்ணூறு வயதுக்கு மேல். இன்று மில் அலுவலகச் சுவர்களில் மாட்டியிருக்கும் டேஷ்போர்டுத் திரைகளில் இரண்டுக்கும் பதில் ஒன்றாக ஓடுகிறது. ஒயர்மேனாக மில்லுக்குள் போய், எனர்ஜி மேனேஜராக வெளியே வந்தவன் நான். அந்த எண்கள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். வந்த வழி தெரியாவிட்டால் அவற்றுக்குத் தப்பர்த்தம் செய்துகொள்ளத்தான் வாய்ப்பு அதிகம்.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் ஊரின் முதல் நூல் ஆலை. ஊரார் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். அப்போது ஊருக்கு மின்சாரம் கிடையாது. கொதிகலன், நீராவி எஞ்சின், கூரைக்குக் கீழே ஓடும் நீளத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் பெல்ட்: அந்தக் காலத்து மில்கள் ஓடிய விதம் இது. எரிபொருள் வாங்கிய கணக்கு இருக்கும். எந்த மெஷின் எவ்வளவு தின்றது என்ற கணக்கு இருக்காது. எல்லாம் ஒரே தண்டில் ஓடும்போது எதை எங்கே பிரிப்பது?

இதை மாற்றியது பைக்காரா. நீலகிரியில் 1929-ல் வேலை தொடங்கி 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கிய திட்டம் அது. 3000 அடிக்கு மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கிய தண்ணீர் சிங்காரா மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது. அந்த மின்சாரம் கோவைக்கு வந்தபின் 1930களில் மில்கள் வரிசையாக எழுந்தன. கரிசல் மண்ணும் பருத்தியும் ஏற்கெனவே இருந்தன. மலிவான மின்சாரமும் வந்து சேர்ந்ததும் ஊரின் முகமே மாறிவிட்டது. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்ற ஏற்பாடு படிப்படியாக வர, மெஷின்வாரியாக மின்சாரத்தை அளக்கவும் வழி பிறந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பைக்காரா மின்சாரம் தண்ணீரிலிருந்து வந்தது. 1937-ல் மேட்டூர் சேர்ந்தது, 1944-ல் பாபநாசம், 1960-ஐ ஒட்டி கனடா நாட்டு உதவியோடு குந்தா. அதுவரைக்கும் கோவை மில்லில் ஓடிய யூனிட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் புகை இல்லை. 1962-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு எண்ணூர், 1979-ல் தூத்துக்குடி, 1987-ல் மேட்டூர் அனல்மின் நிலையம். இந்தக் காலத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்குப் பின்னாலும் கரியின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. மில்லில் இருந்த மீட்டருக்கு இது தெரியாது. 1935-லும் 1985-லும் யூனிட் யூனிட்தான். மின்வாரிய பில்லில் இந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. மில்லிலும் யாரும் கேட்கவில்லை.

நான் 1980களில் வேலைக்குச் சேர்ந்தபோது மின்கணக்கு என்றால் லாக் புக். காலிகோ முதுகு ஒட்டி, நீளவாக்கில் கட்டிய கனத்த நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள். இடது ஓரத்தில் மணி, அடுத்து வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர், யூனிட், எம்.டி. என்று கட்டங்கள். உயரழுத்த மின்சாரம் வந்து இறங்கும் ஹெச்.டி. யார்டில் இருக்கும் டிரைவெக்டர் மீட்டரை மணிக்கொரு தரம் பார்த்துவந்து எழுதுவது ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் வேலை. மீட்டரில் தெரியும் எண்ணை அப்படியே எழுதக் கூடாது. மல்டிப்ளையிங் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். எம்.டி. மட்டும் சிவப்பு மையில். மேக்சிமம் டிமாண்ட் ஒப்பந்த அளவைத் தாண்டினால் தண்டம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அந்தச் சிவப்பு எண்ணை மேனேஜர் தினமும் காலையில் பார்ப்பார். பவர் ஃபேக்டர் இறங்கினால் கெப்பாசிட்டரைச் சேர்க்கச் சொல்வார். மற்றக் கட்டங்களைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

எனக்கு வேலை கற்றுத்தந்த ஃபோர்மேன் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். "ஷிஃப்ட் முடியறப்ப எட்டு மணி நேரத்தையும் ஒண்ணா உக்காந்து எழுதற வேலை இங்க ஆகாது தம்பி. மழையானாலும் யார்டுக்குப் போ, பாரு, வந்து எழுது" என்பார். நினைவிலிருந்து நிரப்பிய பக்கம் அவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும், அதுதான் அடையாளம்.

அந்த எண்களுக்குத் தொழில் சார்ந்த பொருள் கொடுத்தது சிட்ரா. கோவையில் 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் அது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற அளவை, யு.கே.ஜி. என்று, மில்கள் தோறும் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் சிட்ராவுக்குப் பெரும் பங்கு உண்டு. நம்பர் கூடினால் நூல் நைஸ். நைஸ் நூலுக்கு முறுக்கு அதிகம், கிலோவுக்கு ஓடும் நேரமும் அதிகம், ஆகவே யூனிட்டும் அதிகம். எண்பதாம் நம்பர் நூல் ஓட்டும் மில்லையும் இருபதாம் நம்பர் ஓட்டும் மில்லையும் நேரடியாக ஒப்பிட முடியாது. எல்லாவற்றையும் நாற்பதாம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிட்டுத்தான் ஒரு மில்லை இன்னொரு மில்லோடு வைத்துப் பார்ப்பார்கள். பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம் என்பதால், பக்கத்து மில்லின் யு.கே.ஜி. நம்முடையதைவிடக் குறைவு என்று தெரிந்த அன்று ஸ்பின்னிங் மாஸ்டருக்குத் தூக்கம் வராது. ஸ்பின்னிங் மில்லின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமுக்கே போகிறது. ஸ்பிண்டில் எடை, டேப், அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில் மின்விசிறி என்று ஒவ்வொன்றாகக் குறைக்கப் பார்த்தது இந்த ஓர் எண்ணை வைத்துத்தான். கார்பன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் நடந்த வேலை அது.

இதற்கிடையே காற்றாலை வந்தது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை. 1990களில் முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் பக்கம் மில்களே காற்றாலை நட்டன. முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானம் கழித்துக்கொள்ள வருமான வரிச் சலுகை இருந்தது. மின்வாரியக் கட்டணமும் ஏறிக்கொண்டிருந்தது. புகையைக் குறைக்க யாரும் நடவில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று அடிக்கும்போது கிடைத்த யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாத மாதத்தில் கழித்துக்கொள்ளும் பேங்கிங் ஏற்பாடு மில்களைத் தாங்கிப் பிடித்தது.

எங்கிருந்து வந்த யூனிட் என்ற கேள்வி மில்லுக்குள் வந்ததும் இந்தக் காற்றாலைகள் வழியாகத்தான். கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், தவிர்த்த கரியமில வாயுவுக்கு வரவு தந்த தூய வளர்ச்சித் திட்டத்தில், உறுப்பினர் மில்களின் காற்றாலைகளை ஒன்றாகத் திரட்டிப் பதிவு செய்தது தமிழ்நாடு ஸ்பின்னிங் மில்கள் சங்கமான டாஸ்மா. காற்றாலையில் ஓடிய யூனிட்டை மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் தவிர்த்த கரியமில வாயுவின் டன் கணக்கு வரும். வாங்கும் மின்சாரத்துக்கு வைக்கும் மின்கட்டமைப்புச் சராசரி இந்தியாவில் இன்று யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் வாங்கும் மில் என்றால் ஏறத்தாழ 7000 டன். மல்டிப்ளையிங் ஃபேக்டரால் பெருக்கிப் பழகிய எங்களுக்கு இன்னொரு பெருக்கல் வந்து சேர்ந்தது. இந்தப் பெருக்கலுக்குப் பின்னால் நாட்டின் மின்நிலையங்கள் அத்தனையும் நிற்கின்றன என்பதே புதுமை.

அடுத்து வந்தது அரசு. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2002-ல் டில்லியில் எரிசக்தித் திறன் பணியகம். 3000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி, அதாவது மின்சாரமாக மட்டும் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் மூன்றரைக் கோடி யூனிட், பயன்படுத்தும் ஜவுளி ஆலைகள் சட்டத்தின் வளையத்துக்குள் வந்தன. எரிசக்திச் செலவைக் குறைக்க ஆலைகளுக்கு இலக்கு வைக்கும், 2012-ல் தொடங்கிய பாட் திட்டத்தின் முதல் சுற்றில் எட்டுத் தொழில்களைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு இலக்கு கொடுத்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை 2007 முதல் 2010 வரையிலான மூன்று நிதியாண்டுகளின் சராசரி.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2008 நவம்பரில் பெரிய மின்நுகர்வோருக்குக் மின்கட்டுப்பாடு தொடங்கியது; அது 40 சதவீதம் வரை போனது. ஜெனரேட்டர் ஓடாத மில் இல்லை. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை யூனிட் வருவதே பெரிது. அந்த லிட்டர் வெளியே விடும் கரியமில வாயு சுமார் 2.7 கிலோ. நிறுத்தி நிறுத்தி ஓட்டிய மெஷினில் யு.கே.ஜி. தாறுமாறாக ஏறியது. எந்த மெஷினை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்று மணிக்கு மணி முடிவெடுக்க வேண்டிய அந்த நெருக்கடியில் யார்டு மீட்டர் ஒன்று மட்டும் போதவில்லை. ஒவ்வொரு பேனலிலும் தனி மீட்டர் வைத்து, இரட்டை ஒயரில் எல்லாவற்றையும் கோத்து, ஒரு கம்ப்யூட்டரில் பார்க்கும் முறை பல மில்களுக்குள் அப்போது வந்தது. இன்றைய டேஷ்போர்டின் தொடக்கம் மின்வெட்டில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்தத் திரை என்ன செய்யும் என்பதை ஒரு பொங்கல் விடுமுறையில் நேரில் கண்டேன். மில் மொத்தமும் நின்றிருந்தது. திரையில் ரிங் ஃப்ரேம், கார்டிங், சிம்ப்ளக்ஸ் எல்லாம் பூஜ்யம். கம்ப்ரஸர் பேனல் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடிக்கொண்டிருந்தது. காற்றைப் பயன்படுத்த ஒரு மெஷின்கூட இல்லை. அப்படியானால் அந்தக் காற்று எங்கே போகிறது? உதவிக்கு இருந்த பையனும் நானும் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் டிபார்ட்மென்ட்டுக்குப் போனோம். மெஷின் இரைச்சல் இல்லாததால் ஒழுக்கின் சீறல் காதுக்கே கேட்டது. ஹோஸ் மாட்டும் இடங்களில் தண்ணீரைத் தடவத் தடவக் குமிழி பொங்கியது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் மூன்று கிலோவாட் அளவுக்கு மின்சாரம் வீணாகும். அது இரவும் பகலும் ஓடும் செலவு. மில் ஓடும் நாளில் இது எவர் காதிலும் விழாது. லாக் புக்கிலும் பிடிபடாது, ஏனென்றால் அதில் மொத்த யூனிட் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் திரைக்கும் பழைய நோட்டின் நோய் உண்டு. மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தொடர்பு விட்டுப்போனால் சில சாஃப்ட்வேர்கள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சில, இடைவெளியைச் சராசரியால் நிரப்பிவிடும். கோடு அழகாக, நேராகப் போகும். மழைக்குப் பயந்து உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய பக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. ஃபோர்மேன் கண்ணோடு திரையைப் பார்க்கிறவர் ஒவ்வொரு மில்லுக்கும் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் கட்டத்தில் இருக்கிறது. கார்பன் கணக்குக்கு உலகம் முழுவதும் வழிகாட்டியாகக் கொள்ளும் ஜி.ஹெச்.ஜி. புரோட்டோகால், வாங்கும் மின்சாரத்தை இரண்டு விதமாகக் கணக்கிட்டு இரண்டையும் காட்டச் சொல்கிறது: மின்கட்டமைப்பின் சராசரியை வைத்து ஒன்று, மில் போட்டிருக்கும் மின் ஒப்பந்தங்களை வைத்து இன்னொன்று. காற்றாலை வைத்திருக்கும் மில்லில் இரண்டாவது எண் மளமளவென்று இறங்கிவிடும். ஆடியில் வரவு வைத்த காற்று யூனிட்டை மாசியில் கழிக்கும்போது ஏட்டில் அது சுத்தமான மின்சாரம். அந்த மாசி இரவில் கம்பி வழியே வந்த மின்சாரத்தில் கரி இருக்கிறது. அறிக்கையில் பசுமைக் கோடு இறங்க இறங்க, ரிங் ஃப்ரேமின் யு.கே.ஜி. சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் கேட்டவர்களுக்கு வேண்டிய எண் இறங்கிவிட்டது.

இப்போது கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். 2022-23 நிதியாண்டு முதல், பட்டியலிட்ட முதல் ஆயிரம் நிறுவனங்களும் எரிசக்தி, கார்பன் விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கட்டாயமாக்கியது. வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் தங்களுக்கு நூலும் துணியும் தரும் ஆலைகளிடம், சுற்றுச்சூழல் விவரங்களைக் கேட்கும் ஹிக் படிவத்தை நிரப்பச் சொல்கின்றன. 2023-ல் இந்தியா கார்பன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. அதன் வரம்புக்குள் வரும் தொழில்களில் ஜவுளியும் உண்டு. இனி கார்பன் டன்னுக்கு விலை இருக்கும்.

அதனால் மில் நடத்துபவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. டேஷ்போர்டில் கார்பன் எண் இருக்கும் அதே பக்கத்தில், நாற்பதாம் நம்பருக்கு மாற்றிய யு.கே.ஜி.யையும் வையுங்கள், ஒன்று இறங்கி மற்றொன்று ஏறினால் உடனே தெரியட்டும். திரையை முதலாளி அறையில் மட்டும் மாட்டாமல் ரிங் ஃப்ரேம் டிபார்ட்மென்ட்டிலும் கம்ப்ரஸர் ரூமிலும் மாட்டுங்கள். வால்வை மூடப் போகிறவர் அங்கேதான் நிற்கிறார். பழைய லாக் புக்குகளைக் காகிதக் கடைக்கு எடை போடாதீர்கள். மூடிய மில்களின் நோட்டுகள் மெஷினோடு சேர்ந்து பழைய சாமான் வியாபாரிக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். பைக்காரா தண்ணீரில் ஓடிய காலத்தில் ஒரு கிலோ நூலுக்கு இந்த ஊர் எவ்வளவு மின்சாரம் செலவழித்தது என்று நாளைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் கேட்டால் பதில் அந்த நோட்டுகளில்தான் இருக்கும். மிச்சமிருக்கும் மில்கள் அவற்றை ஒரு கல்லூரி நூலகத்திடமோ சிட்ராவிடமோ ஒப்படைத்தால், கார்பன் கணக்கு எழுத வரும் அடுத்த தலைமுறை தன் கணக்கை 2007-லிருந்து தொடங்க வேண்டியிருக்காது.