சவரக்கத்தி சீரமைப்பு

சவரக்கத்தி சீரமைப்பு என்பது துருப்பிடித்த அல்லது கைப்பிடி உடைந்த பழைய மடக்குச் சவரக்கத்தியை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் கைவினை ஆகும். அலகைத் தூய்மை செய்தல், புதிய கைப்பிடி செய்தல், கூர் தீட்டுதல் ஆகியவை இதில் அடங்கும்.

வரலாறு

இங்கிலாந்தின் செஃபீல்டு, செருமனியின் சோலிங்கன் ஆகிய நகரங்கள் இக்கத்திகளுக்குப் பெயர்பெற்றவை. 1904 இல் கிங் ஜில்லெட் பாதுகாப்புச் சவரக்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வீடுகளில் மடக்குக்கத்தியின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது. தமிழகத்து முடிதிருத்தும் நிலையங்களில் அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டன. பின்னர் எயிட்சு விழிப்புணர்வு பரவியபோது, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றும் கத்திகள் அதன் இடத்தைப் பிடித்தன.

அமைப்பு

அலகின் தடித்த விளிம்பு முதுகு எனப்படும். இரு கைப்பிடித் தகடுகளுக்கு இடையே அலகு ஒரு தறையாணியைச் சுற்றி மடங்கும். மறுமுனையில் உள்ள சிறு ஆப்பு தகடுகளை விலக்கி வைப்பதால், மடக்கும்போது கூர்முனை அவற்றில் உரசுவதில்லை.

அலகு

மேற்பரப்புத் துருவை மென்மையான உப்புத்தாளும் எண்ணெயும் கொண்டு நீக்கலாம். கூர்முனை வரை ஆழமாகப் பரவிய துருக்குழிகளும் வெடிப்பும் உள்ள கத்தியைச் சீரமைப்பதில் பயனில்லை. சாணைச் சக்கரத்தைப் பயன்படுத்தக் கூடாது. மெல்லிய முனை விரைவில் சூடேறி, எஃகு தன் கடினத்தன்மையை இழந்துவிடும். இழந்த பதத்தை மெருகேற்றுவதால் மீட்க இயலாது.

கைப்பிடி

எருமைக்கொம்பு, ஈட்டி மரம் போன்றவற்றை ஏறத்தாழ 3 மி.மீ. தடிமனில் அறுத்துத் தகடுகள் செய்யப்படுகின்றன. மரத்துக்கு ஈரம் புகாத பூச்சு தேவை. பழைய செல்லுலாய்டு கைப்பிடிகள் சிதையும்போது அமில வாயுவை வெளியிட்டு அலகை அரிப்பதால், அவற்றை உடனே அகற்ற வேண்டும். அவை எளிதில் தீப்பற்றுபவை. இந்தியாவில் யானைத்தந்த வணிகம் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டுள்ளது.

தீட்டுதல்

முதுகும் முனையும் ஒருசேரக் கல்லில் படியுமாறு அலகு தீட்டப்படுகிறது. இதனால் முதுகின் தடிமனே தீட்டும் கோணத்தை நிர்ணயிக்கிறது. முதுகைத் தேய்த்து மெலியச் செய்தால் இக்கோணமும் மாறிவிடும். கல்லில் முனை முன்செல்லும். இறுதியாகத் தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்செல்லும்.

பாதுகாப்பு

கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் ஹெப்படைட்டிசு பி போன்ற நோய்களைப் பரப்பக்கூடும். தோல்வாரைக் கொதிக்க வைத்துத் தூய்மை செய்ய இயலாது. எனவே சீரமைக்கப்பட்ட கத்தியையும் தோல்வாரையும் ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.