பாட்டன் பிறந்த ஊரும் பேரனின் உழைப்பும்

பிரிட்டனின் குடிநுழைவு விதிகளுள் ‘மூதாதையர்வழி விசா’ என்னும் ஒரு பிரிவு உண்டு. காமன்வெல்த் நாடொன்றின் குடிமகனாக இருக்கும் ஒருவர், தம் பாட்டன் பாட்டியர் நால்வருள் ஒருவரேனும் பிரிட்டனில் பிறந்தவர் என்று பத்திரங்களைக்கொண்டு மெய்ப்பித்தால், ஐந்தாண்டு அங்கே தங்கலாம். ஐந்தாண்டு நிறைந்தபின் நிரந்தரவாசம் வேண்டி விண்ணப்பம் செய்யலாம். காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் மலேசியரும் சிங்கப்பூரரும் இதற்கு உரியவரே.

இவ்வுரிமையோடு ஒரு நிபந்தனை பிணைக்கப்பட்டுள்ளது. விண்ணப்பிப்பவர் வேலை செய்ய வல்லவராகவும், வேலை தேடிச் செய்யும் மெய்யான எண்ணம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். நிரந்தரவாசம் கேட்கும்போதும் இதே வினா மீண்டும் எழும். முதன்முறை இவ்விதியைப் படிப்பவருக்கு இது முரணாகவே தோன்றும். பிறப்பால் வரும் உரிமைக்கு உழைப்பைச் சான்றாகக் கேட்பானேன்? வேலைக்குப் போகாததனால் பேரன் பேரனாக இல்லாமற் போய்விடுவானா? இம்முரணுக்கு விடை விதியின் சொற்களில் இல்லை. அது பிறந்த கதையில் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின்கீழ், பேரரசின் எந்த மூலையில் பிறந்தவரும் இலண்டனுக்குக் கப்பலேறலாம், தடுப்பார் இல்லை. சிங்கப்பூரில் பிறந்தவரும் ஜமைக்காவில் பிறந்தவரும் சட்டத்தின் கண்ணில் இங்கிலாந்தில் பிறந்தவரை ஒத்த உரிமையோடு துறைமுகத்தில் இறங்கலாம். 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடிநுழைவாளர் சட்டம் அக்கதவைப் பாதி சாத்தியது. வேலைக்கு வருவோர் அரசின் வேலைச்சீட்டுப் பெற்று வரவேண்டும் என்றாயிற்று. பிரிட்டனில் பிறந்தோருக்கும், பிரிட்டிஷ் அரசே நேரடியாக வழங்கிய கடப்பிதழ் உடையோருக்கும் அக்கட்டுப்பாடு இல்லை. கவனியுங்கள்: இதுவரை பாட்டன் எங்கும் தலைகாட்டவில்லை.

அவரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது கென்யா. அந்நாடு 1963இல் விடுதலை பெற்றபோது, அங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பலர் கென்யக் குடியுரிமை பெறாமல் பிரிட்டிஷ் கடப்பிதழையே வைத்துக்கொண்டனர். பிறகு கென்ய அரசு, குடிமக்கள் அல்லாதாரின் தொழிலையும் வாணிகத்தையும் நெருக்கியது. அவர்கள் பிரிட்டனை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது பிரிட்டிஷ் அரசே வழங்கிய கடப்பிதழ். எனவே 1962ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தடுக்க இயலாது. உள்துறை அமைச்சராக இருந்தவர் ஜேம்ஸ் கலஹான். புதிய மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் மூன்றே நாளில் கடந்து, 1968 மார்ச் 1ஆம் நாள் சட்டமாயிற்று. பிரிட்டிஷ் கடப்பிதழ் உடையவராயினும், தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிட்டனில் பிறந்தோ வேறு வகையில் அம்மண்ணோடு குடியுரிமைத் தொடர்பு பெற்றோ இராவிட்டால், இனி அவர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்.

அச்சட்டத்தில் நிறம் என்ற சொல்லோ இனம் என்ற சொல்லோ இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. நைரோபி நகரின் வெள்ளைப் பண்ணையாருக்குப் பாட்டன் யார்க்‌ஷயரில் பிறந்திருக்கக்கூடும். அதே தெருவில் கடை வைத்திருந்தவருக்குப் பாட்டன் குஜராத்திலோ பஞ்சாபிலோ பிறந்தவர். இருவர் கையிலும் ஒரே கடப்பிதழ். பாட்டனின் பிறந்த ஊர் ஒன்றே அவர்களை இரண்டாகப் பிரித்துவிடும். இவர்களுள் சிலர் தொடுத்த முறையீட்டை ஆராய்ந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம், அச்சட்டம் இனப்பாகுபாடு உடையது என்று 1973இல் முடிவு கூறிற்று. ஆயினும் பாட்டன் என்னும் அளவுகோல் அழியவில்லை.

1971ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் ‘பேட்ரியல்’ என்றொரு சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தது. தந்தையர் நாட்டைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. தாயின் பிறப்பும் கணக்கில் கொள்ளப்பட்டது என்பதால், ‘முன்னோர் மண்ணுக்கு உரியவர்’ எனத் தமிழில் கூறலாம். அம்மசோதாவின் முதல் வடிவில் பாட்டன் பாட்டியரும் இடம்பெற்றிருந்தனர். குழு நிலை ஆய்வில் அவர்கள் நீக்கப்பட்டுப் பெற்றோரோடு உறவு நிறுத்தப்பட்டது. பேரன் வெளியே நின்றான்.

அவனை மீண்டும் உள்ளே அழைத்தது, வியப்பாக, ஐரோப்பா. 1973 ஜனவரி 1ஆம் நாள் இச்சட்டம் நடைமுறைக்கு வரவிருந்தது. அதே நாளில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலும் சேரவிருந்தது. அதன் பயனாக, ஓர் இத்தாலியர் வேலை அனுமதியின்றி வரலாம். உலகப் போர்களில் பிரிட்டனோடு தோள்கொடுத்த ஆஸ்திரேலியரோ நியூசிலாந்தினரோ அயலாரின் வரிசையில் நிற்கவேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர் பலருக்கே இது பொறுக்கவில்லை. 1972 நவம்பர் 22ஆம் நாள் புதிய குடிநுழைவு விதிகள் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, எட்வர்ட் ஹீத்தின் அரசு 240க்கு 275 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த ஜனவரியில் அரசு திருத்திய விதிகளைக் கொண்டுவந்தது. பாட்டனோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால், அந்தக் காமன்வெல்த் குடிமகன் வேலை செய்ய வருவதற்கு வேலை அனுமதி பெறத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

நம் வினாவுக்குரிய விடை இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து. பாட்டன் திரும்பி வந்தது சட்டத்தின் வாயிலாக அன்று, விதியின் வாயிலாக. குடியேறும் பிறப்புரிமையாக அன்று, வேலை அனுமதியிலிருந்து ஒரு விலக்காக. வேலை அனுமதி வேண்டியதில்லை என்னும் சலுகை, வேலைக்கு வருபவருக்கன்றி வேறு யாருக்குப் பொருந்தும்? விலக்கு நாளடைவில் தனி விசாவாக வளர்ந்தது. அதன் வயிற்றில் இருந்த வேலை என்னும் சொல்லும் கூடவே வந்துவிட்டது. ‘பேட்ரியல்’ என்ற சொல்லை 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கைவிட்ட பிறகும் இந்நிபந்தனை நிலைத்திருக்கிறது.

நடைமுறையில் அது கடுமையானதன்று. குறைந்தபட்ச ஊதியம் இவ்வளவு என்றில்லை; முதலாளி ஒருவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை; சுயதொழிலும் ஏற்கப்படும். ஐந்தாண்டும் இடைவிடாது உழைத்திருக்க வேண்டும் என்றும் விதி கூறவில்லை. இடையே வேலையின்றி இருந்தவர் அதற்குரிய காரணத்தைக் காட்டலாம். எனினும் அதிகாரி அளப்பது எண்ணத்தை அல்லவா? நோயுற்ற தாயைப் பேணிய ஆண்டுகளுக்கும், குழந்தையை வளர்த்த ஆண்டுகளுக்கும் ஊதியச் சீட்டு கிடைப்பதில்லை. மேலும் ஒரு விந்தை: விசாவுக்கு உரியவர் உழைக்க வேண்டும், அவரைச் சார்ந்து வரும் கணவருக்கோ மனைவிக்கோ அக்கட்டாயம் இல்லை. காத்திருக்கும் காலம் முன்பு நான்கு ஆண்டாக இருந்து 2006இல் ஐந்தாயிற்று. 2008இல் இவ்வழியே தேவையா என்று அரசு கருத்துக் கேட்டது, பிறகு வைத்துக்கொண்டது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களை ஆண்ட துரைமார் பலர் பிரிட்டனில் பிறந்தவர்கள். அவர்களுக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்ததுண்டு என்பதைத் தோட்ட வரலாறு அறிந்தவர் அறிவர். அப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று நம்மிடையே இருப்பார்களானால், அவர்களும் அப்பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளே. பாட்டனும் பாட்டியும் மணம் செய்திருக்கவேண்டும் என்று இன்றைய விதி கேட்பதில்லை. கேட்பது பத்திரங்களின் தொடரை: பாட்டனின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் பிறப்புப் பத்திரம், தம்முடைய பிறப்புப் பத்திரம், பெயர் மாறிய இடத்தில் திருமணப் பத்திரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதலும், ஸ்காட்லாந்தில் 1855 முதலும் பிறப்புகள் அரசுப் பதிவேட்டில் ஏறியுள்ளன. ஆகவே துரையின் பிறப்பைக் கண்டுபிடிப்பது அரிதன்று. அருமைப்படுவது நடுவிலுள்ள தாள்தான். லயத்து வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளையின் பத்திரத்தில், தந்தையின் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தால், பேரன் எத்தனை ஆண்டு உழைக்க அணியமாக இருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.