நெடுந்தீவுக் குதிரைகள்

வெலிமடைக்காரருக்குக் குதிரை என்றால் நுவரெலியாதான். சிறுவயதில் வாப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். 1875இல் தொடங்கிய பந்தயத்திடலையும், வாவிக்கரையில் பிள்ளைகளைச் சுமந்து திரியும் மட்டக் குதிரைகளையும் காட்டிவிட்டு, "இது துரைமார்ர குதிர மகன். நம்மட குதிர அரபுக் குதிர" என்பார்.

அந்தப் பேச்சுத்தான் பல வருடங்களின் பின் கமராவோடு என்னை நெடுந்தீவுக்கு அனுப்பியது. குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணித்தியாலம். முருகைக்கல் வேலிகளும் பனைகளும் முடியுமிடத்தில், தீவின் தென்பக்கம் வெளி தொடங்குகிறது. முதல்நாள் ஒரு படமும் சரிவரவில்லை. நான் நடந்தால் அவையும் நடந்தன. இரண்டாம்நாள் விடியலில், காற்று என் முகத்தில் அடிக்கும் பக்கமாக, தண்ணீர்ப் பள்ளமொன்றின் அருகே அசையாமல் இருந்தேன். பெட்டைகள் முன்னே, குட்டிகள் நடுவே, ஆண்குதிரை கடைசியில். என் நெஞ்சுயரம்கூட வராத பிராணிகள். பின்தங்கிய ஒரு குட்டியை ஆண்குதிரை காதுகளை மடித்து, கழுத்தைத் தாழ்த்தி விரட்டிச் சேர்த்தது. அந்த ஒரு படம் போதும் எனக்கு.

இவற்றில் அரபு இரத்தம் தேடித்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. காயல்பட்டினத்துக் குதிரை வணிகத்தைப் பற்றி நம்மவர்கள் பெருமையோடு எழுதியிருக்கிறோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பினார். ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்ததற்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்கிறார் வஸ்ஸாஃப். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சர். இவ்வளவும் சரி. மார்க்கோ போலோ எழுதிய இன்னொன்றை நாம் எழுதுவதில்லை. அங்கே குதிரைகள் சரியான பராமரிப்பின்றி இறந்தன. லாடமடிப்போரை வணிகர்கள் கூட்டி வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்!

செத்துப்போன குதிரைக்குச் சந்ததி ஏது? நெடுந்தீவுக் கதையும் வேறு. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை என்பதே பொதுவான கருத்து. 1658இன் பின் ஒல்லாந்தர் வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி தீவில் குதிரைப்பண்ணையைக் கவனித்தார். லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் தங்கிவிட்டன. அமெரிக்காவின் மஸ்டாங்குகளும் ஸ்பானியர் கொண்டுபோன குதிரைகளின் வாரிசுகள்தான். உரியவரில்லாத கால்நடை என்ற பொருள்தரும் ஸ்பானியச் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. அங்கே 1971இல் அவற்றுக்கென்று சட்டம் செய்தார்கள். இங்கே 2015இல் 1,846 ஹெக்டேயர் தேசிய பூங்காவானது.

ஆனால் வரட்சியில் பள்ளங்கள் வற்றிவிடுகின்றன. தாகத்தால் குதிரைகள் இறந்த வருடங்கள் உண்டு. நான் இருந்த பள்ளத்திலும் முழங்காலளவு சேறுதான். குட்டி குனிந்து குடிக்க வெகுநேரம் எடுத்தது. அதுவரை ஆண்குதிரை என்னைப் பார்த்தபடியே நின்றது.

படத்தை வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"மிச்சம் மெலிவா இருக்கே மகன். தண்ணி குடுக்க அங்க ஆளில்லையா?"

அரபா என்று அவர் கேட்கவில்லை.