முன்சீப் கையில் மரக்கால்

ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகிற மின்சார ரயிலில் ஒரு நாள் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் பையன் பணத்தைக் கையாடிவிட்டானாம். திருநின்றவூர் தாண்டி வேப்பம்பட்டு வருவதற்குள் சக பிரயாணிகள் அவனுக்குத் தண்டனையே விதித்துவிட்டார்கள். பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று இயேசு சொல்லியிருப்பதை ஜன்னலோரத்துப் பெரியவர் ஒருவர் நினைவூட்டினார். "அப்படியானால் கோர்ட்டுகளைப் பூட்டிவிடலாமா, ஐயா?" என்று கேட்டுவிட்டு வேப்பம்பட்டில் இறங்கிப் போனான் ஓர் இளைஞன்.

கேள்வி புதிதல்ல. மத்தேயு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் வரும் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, பூட்டத்தான் வேண்டும் என்று வாதாடியவர் டால்ஸ்டாய். 1899-இல் வந்த அவருடைய 'புத்துயிர்' நாவலில், தான் கெடுத்த பெண்ணின் வழக்கிலேயே ஜூரியாக வந்து உட்காருகிறான் ஒரு பிரபு. கண்ணில் உத்திரம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஏது?

ஆனால் பிரபுவாகப் பிறந்தவர் கோர்ட்டை வேண்டாமென்று சொல்லிவிடலாம். அதில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் கிறிஸ்தவர் என்ன செய்வார்? டால்ஸ்டாய்க்கு இரண்டு வயது மூத்தவரான நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு நேர்ந்த சங்கடம் அது. 1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் என்று முன்சீப் வேலை பார்த்தவர். தினமும் தீர்ப்புச் சொல்வதுதான் அவர் பிழைப்பு.

அந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்வதில்தான் தவறு இருக்கிறது. அடுத்த வசனம் அளவைப் பற்றியது: எந்த அளவால் நீ அளக்கிறாயோ, அதே அளவால் உனக்கும் அளக்கப்படும். வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணையார்களைக் கண்ட நம்மவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. பிறகு வருவது உத்திரமும் துரும்பும். அங்கேயும் துரும்பு இருக்கட்டும் என்று சொல்லவில்லை. முதலில் உன் கண்ணைத் தெளிவாக்கிக்கொள், பிறகு அண்டையான் கண்ணுக்கு வா என்கிறார். வேண்டுவது அளவு ஒன்றாக இருப்பதும், கை பதறாமலிருப்பதுமே.

வேதநாயகரின் உத்தியோக வாழ்க்கையை இதற்கு வியாக்கியானமாக வாசிக்கலாம் என்பது என் கட்சி. கைக்கூலியைக் கண்டித்து 1859-இல் 'நீதிநூல்' எழுதினார். அதைவிடப் பெரிய காரியம் 1862-இல் செய்தது. 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டார் அளித்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டார். நிலத்தை இழந்த குடியானவனுக்குத் தான் எந்த மரக்காலால் அளக்கப்பட்டோம் என்பதே தெரியாமலிருந்தது. மரக்கால் இங்கிலீஷில் இருந்தது! அதைத் தெருவில் கொண்டுவந்து வைத்தவர் ஒரு முன்சீப் என்பதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்ற புகழ் இதை மூடிவிட்டது போலும்.

அந்த நாவலும் சும்மா இருக்கவில்லை. 1872-இல் உத்தியோகம் விட்டார். 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் முழங்குவதை அதில் ஒரு பிடி பிடிக்கிறார். விக்கிரமபுரியில் கதாநாயகனையே ஓர் அநியாயத் தீர்ப்புக்கு ஆளாக்கிச் சிறையில் தள்ளுகிறார். ஆண் வேஷத்தில் அந்த ஊரை ஆள நேர்ந்த மனைவி ஞானாம்பாள்தான் வந்து அவனை விடுவிக்கிறாள். எழுதியவரோ, வருஷக்கணக்காகத் தீர்ப்புச் சொன்ன மனிதர்.