ஆள்மைய உளவளத்துணை

ஆள்மைய உளவளத்துணை என்பது மனநெருக்கடியில் இருப்பவருக்கு அறிவுரை வழங்காமல், அவரோடு ஏற்படுத்திக்கொள்ளும் உறவின் வழியே அவர் தன் சிக்கலைத் தானே எதிர்கொள்ளத் துணைநிற்கும் முறை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) 1940களில் இதை வகுத்தார். உளப்பகுப்பாய்வு, நடத்தையியல் ஆகிய இரண்டுக்கும் மாற்றாக எழுந்த மனிதநேய உளவியலின் முக்கியச் சிகிச்சை முறைகளில் ஒன்று இது. பிரிட்டனில் தனியாகத் தொழில் நடத்தும் கவுன்சலர்கள் பலர் இதில் பயிற்சி பெற்றவர்கள்.

தோற்றம்

சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில், கண்டிப்பான புராட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்தவர் ரோஜர்ஸ். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கத் தொடங்கி, பின் நியூயார்க்கில் இறையியல் கற்று, அதையும் விட்டு உளவியலுக்கு வந்தார். 1928 முதல் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நலப் பணியில் இருந்தார். அங்கே அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம், மகனைத் தொடக்கத்திலேயே அவர் ஒதுக்கியதுதான் காரணம் என்று புரியவைக்கப் பல முறை முயன்றார். பலிக்கவில்லை. சந்திப்புகளை நிறுத்திக்கொள்ள இருவரும் முடிவுசெய்தனர். வாசல்வரை போன தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். தருவோம் என்றதும் மறுபடி உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். எது வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்தவருக்கே தெரியும் என்ற முடிவுக்குத் தன்னைக் கொண்டுவந்த நிகழ்ச்சிகளுள் இதையும் ரோஜர்ஸ் குறிப்பிடுகிறார்.

1940இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1942இல் வெளிவந்த அவருடைய நூலில், இசைத்தட்டில் பதிவுசெய்த எட்டு அமர்வுகள் சொல்லுக்குச் சொல் அச்சாயின. அதுவரை மூடிய அறைக்குள் நடந்துவந்த சிகிச்சை, பிறர் படித்து ஆராயும் பொருளாக மாறியது.

கோட்பாடு

உயிர்கள் அனைத்துக்கும் வளர்ச்சியை நோக்கிய உந்துதல் உண்டு என்பது ரோஜர்ஸின் அடிப்படை நம்பிக்கை. சிறுவயதில் வீட்டு நிலவறையில் போட்டுவைத்த உருளைக்கிழங்குகள், எட்டாத உயரத்திலிருந்த சன்னல் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதை இதற்குச் சான்றாக அவர் எழுதியுள்ளார். இப்படி இருந்தால்தான் உன்மேல் அன்பு என்ற நிபந்தனைகளோடு வளர்பவர், தன் உண்மையான உணர்வுகளைத் தன்னிடமிருந்தே மறைக்கிறார். மனநெருக்கடியின் வேர் இந்த முரண்பாட்டில் இருக்கிறது.

மாற்றம் நிகழ்வதற்கு ஆறு நிபந்தனைகளை 1957இல் அவர் வரையறுத்தார். அவற்றுள் கவுன்சலரின் பக்கம் சேர்ந்தவை மூன்று: வேடமின்றி இருப்பது, வந்தவரை நிபந்தனையின்றி மதிப்பது, அவருடைய உலகை அவர் கண்கொண்டு பார்ப்பது. இவை வந்தவருக்கு ஓரளவேனும் உணரக் கிடைக்க வேண்டும். ஆறும் அமைந்தால் போதும், தனி உத்திகள் தேவையில்லை என்றார் அவர்.

அமர்வு

உதாரணமாக, அம்மா இறந்தபோது தனக்கு அழுகையே வரவில்லை என்கிறார் வந்தவர். காலம் ஆற்றும் என்று தேற்றுவதோ காரணத்தை விளக்குவதோ இங்கே கவுன்சலரின் வேலையல்ல. “அழாமல் இருந்தது உங்களையே உறுத்துகிறது போல” என்று தனக்குப் புரிந்ததைச் சொல்லிப்பார்க்கிறார். “உறுத்தல் இல்லை, பயம்” என்று வந்தவர் திருத்தினால் அது கவுன்சலரின் தோல்வியாகாது. வந்தவர் தன் உணர்வை இன்னும் நெருங்கிப் பார்த்திருக்கிறார்.

தொழில்முறை

தனித்தொழிலில் ஓர் அமர்வு பெரும்பாலும் 50 நிமிடம் அல்லது ஒரு மணிநேரம். வாரம் ஒருமுறை நடக்கும். கட்டணம், அமர்வை ரத்துசெய்யும் விதி, இரகசியம் காத்தல், உயிராபத்து போன்ற அதற்கான விதிவிலக்குகள் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே பேசிக்கொள்வர். பிரிட்டனில் கவுன்சலர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. யாரும் அப்படிப் பெயர்ப்பலகை மாட்டலாம். ஆகவே தொழில்முறை அமைப்பு ஒன்றின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பதிவு பெற்றவர், அனுபவமுள்ள இன்னொருவரிடம் தன் பணியைத் தவறாமல் கலந்தாலோசிக்கவும் கடமைப்பட்டவர்.

விமர்சனமும் ஆய்வும்

கேட்டதையே திருப்பிச் சொல்லும் முறை என்ற கேலி நெடுங்காலமாக உண்டு. ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா கணினி நிரல் ரோஜர்ஸ் பாணியைப் போலிசெய்தது; தட்டச்சுசெய்த வாக்கியத்தையே கேள்வியாக்கித் தந்தது. தன் புரிதல் சரிதானா என்று வந்தவரிடம் சரிபார்ப்பதே நோக்கம், எதிரொலிப்பதல்ல என்பது ரோஜர்ஸின் பதில்.

மனச்சிதைவு நோயாளிகளிடம் விஸ்கான்சினில் அவர் குழு நடத்திய ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2021இல் வெளியான, பிரிட்டனின் ஷெஃபீல்டு நகர ஆய்வில், மிதமான அல்லது கடும் மனச்சோர்வு கொண்ட 510 பேர், இம்முறையின் ஒரு வடிவமான ஆள்மைய அனுபவச் சிகிச்சைக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்குமாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 6 மாத முடிவில் முன்னது பின்னதற்குக் குறைந்ததாக இல்லை. 12 மாத முடிவில் அறிதல்-நடத்தைச் சிகிச்சை முந்தியது. உறவு ஒன்றே போதும் என்ற 1957ஆம் ஆண்டின் கூற்றை உளவியலாளர் பலர் இன்று ஏற்பதில்லை. ஆனால் சிகிச்சையின் பலனுக்கு உறவு முக்கியம் என்பதைப் பிற மரபினர் பலரும் ஒப்புக்கொள்கின்றனர்.