இயங்குதளப் புதுப்பிப்பும் தமிழ்க் கோப்புகளும் (தென்சென்னை)

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய தென்சென்னைப் பகுதிகளின் வீடுகளுக்கும் சிறு அச்சகங்களுக்கும் 1990களின் பிற்பகுதியிலிருந்து கணினி வரத் தொடங்கியது. அக்கணினிகளில் இயங்குதளப் புதுப்பிப்பு தோல்வியடைந்தபோது நேர்ந்த இழப்பு மற்ற ஊர்களில் நேர்ந்த இழப்பிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. கணினி திரும்ப இயங்கியது, கோப்புகளும் வன்தட்டில் இருந்தன. ஆனால் கோப்புகளுக்குள் இருந்த தமிழைப் படிக்க முடியவில்லை. தமிழ் எழுத்து இயங்குதளத்தின் பகுதியாக இல்லாமல், அதன்மேல் ஒட்டவைக்கப்பட்ட எழுத்துருவாக மட்டும் இருந்ததே இதற்குக் காரணம்.

எழுத்துருவை நம்பிய தமிழ்

விண்டோஸ் 95, 98 ஆகிய இயங்குதளங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களே தமிழைத் திரையில் காட்டின. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெரிதும் பயன்பட்ட பாமினி எழுத்துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகளை. பாமினி இருக்கும் கணினியில் அவை 'தமிழ்' என்று தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே தெரியும்.

ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அடுக்கு முறையை வைத்திருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய எழுத்துருவின் பெயர் 'மயிலை'. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். தமிழக அரசு அலுவலகங்களில் 'வானவில் அவ்வையார்' வழங்கியது. அச்சகங்களில் பேஜ்மேக்கர் மென்பொருளும் ஸ்ரீலிபி போன்ற எழுத்துருத் தொகுப்புகளும் இருந்தன. வானதி, கண்ணதாசன், மணிமேகலை எனப் பல பதிப்பகங்கள் இயங்கிய தியாகராய நகரில் பக்க வடிவமைப்பு ஒரு முழுநேரத் தொழில். ஒரு நூலின் மெய்ப்பு மயிலாப்பூரில் ஓர் எழுத்துருவிலும் தியாகராய நகரில் இன்னோர் எழுத்துருவிலும் இருப்பது அன்று இயல்பு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரி 7, 8 நாட்களில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதை முன்னின்று நடத்தினார். அதன் விளைவாக 'தமிழ் 99' விசைப்பலகையும், தமிழுக்கு மட்டுமான 'டாம்', தமிழும் ஆங்கிலமும் கலந்த 'டாப்' என்னும் இரு குறியேற்றங்களும் தமிழக அரசின் தரங்களாயின. இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் குழு வழியே விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றங்கள் ஒன்றாகவில்லை, பட்டியலில் இன்னும் இரண்டு சேர்ந்ததுதான் மிச்சம்.

'ஃபார்மட்' என்னும் தீர்வு

அக்காலத்தில் இயங்குதளம் கெட்டுப்போனால் கணினி பழுதுபார்ப்பவர் முதலில் சொல்வது 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்பதே. வன்தட்டு 'சி' என்றும் 'டி' என்றும் பிரிக்கப்பட்டிருக்கும். சி-யில் விண்டோஸ், டி-யில் சொந்தக் கோப்புகள். சி-யை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினால் ஒரு மணி நேரத்தில் கணினி உயிர்பெறும். டி-யில் உள்ளவை அப்படியே இருக்கும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எழுத்துருக்கள் நிறுவப்படும் இடம் விண்டோஸின் உள்ளே இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறை. சி அழிந்தபோது அவையும் அழிந்தன. டி-யில் பத்திரமாக இருந்த கட்டுரையையும் குடும்ப வரலாற்றையும் திறந்தால் ஆங்கிலக் குறிகளின் குவியல் வந்தது. அது எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பது எழுதியவருக்கே பல வேளைகளில் நினைவில் இருப்பதில்லை. அச்சகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய சில இந்திய மொழி மென்பொருட்கள் கணினியின் பின்புறம் செருகும் வன்பூட்டு இல்லாமல் இயங்காது.

இயங்குதளம் அடிக்கடி கெட்டதற்கு இணைய வேகமும் ஒரு காரணம். விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களுள் சென்னையும் ஒன்று. பிந்திய ஆண்டுகளிலும் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிவழி இணைப்புதான். 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு முழுமையாக 266 எம்பி அளவுடையது. நொடிக்கு 56 கிலோபிட் என்ற உச்ச வேகம் ஒரு நொடியும் குறையாமல் கிடைத்தாலும் அதை இறக்க 10 மணி நேரத்துக்கு மேலாகும். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்போ மின்வெட்டோ வந்தால் போதும். எனவே பலர் புதுப்பிப்பை முடக்கி வைத்தனர், அல்லது கணினி இதழ்களுடன் வந்த சிடியிலிருந்து நிறுவினர். முடக்கி வைத்ததற்கும் விலை உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' என்னும் புழு, அதற்கு முந்தைய மாதம் வெளிவந்த திருத்தத்தை நிறுவாத கணினிகளைத் தாக்கி, 60 நொடி எண்ணிக்கை காட்டி மறுதொடக்கம் செய்ய வைத்தது. திருத்தத்தை இறக்குவதற்குள் கணினி அணைந்துவிடும்.

இயங்குதளத்துக்குள் வந்த தமிழ்

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி தரப்பட்டது. இந்திய அரசின் 'இஸ்கி' தரத்தைத் தழுவிய அமைப்பு அது. மைக்ரோசாஃப்ட் அதை 2000இல் விண்டோஸ் 2000 வழியாக ஏற்றது. 'லதா' எழுத்துருவும், உயிர்மெய்யை ஒழுங்குபடுத்திக் காட்டும் நிரலும் இயங்குதளத்தோடு வந்தன. அடுத்த ஆண்டு வெளியான எக்ஸ்பி வீடுகளுக்கு அதைக் கொண்டுசேர்த்தது.

ஆயினும் எக்ஸ்பியில் தமிழ் தானாக வேலை செய்யவில்லை. கண்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புகளைத் திறந்து, சிக்கலான வரிவடிவ மொழிகளுக்கான பெட்டியில் குறியிட வேண்டும். உடனே விண்டோஸ் தன் நிறுவல் சிடியைக் கேட்கும். கடைக்காரர் நிறுவிக் கொடுத்த கணினி என்றால் வீட்டில் சிடி இருக்காது. சிடியின் 'ஐ386' கோப்புறையை டி-யில் நகலெடுத்து வைத்துவிட்டுச் செல்வது விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரின் அடையாளம். இந்தப் படியைத் தவறவிட்ட கணினியில் யூனிகோடு தமிழ் வெற்றுப் பெட்டிகளாகத் தெரிந்தது. வேறு எழுத்துரு இருந்து, ஒழுங்குபடுத்தும் நிரல் மட்டும் இல்லாவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. தமிழே கெட்டுவிட்டதாகத் தோன்றும் இந்தக் கோளாறுக்குத் தேவைப்பட்டது ஒரு குறியும் ஒரு மறுதொடக்கமும்தான்.

பழைய குறியேற்றங்களில் இருந்தவை வேறு வகையில் பாதிக்கப்பட்டன. திஸ்கியில் 'இ' என்னும் எழுத்துக்கு 173ஆம் இடம் தரப்பட்டிருந்தது. பன்னாட்டுத் தரத்தில் அதே இடம், வரி முடிவில் சொல்லை உடைக்க உதவும் மறைவான இணைப்புக்கோட்டுக்கு உரியது. மென்பொருள் அந்தத் தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் இகரம் திரையில் வராது. 'இன்று' என்பது 'ன்று' ஆகும். திஸ்கியின் 1.7 பதிப்பு இகரத்தை 254ஆம் இடத்தில் வைத்தது இதனால்தான்.

மீட்பு

இந்தக் கோப்புகளை மீட்ட கருவிகளில் பெரும்பாலானவை தனிமனிதர்களும் சிறு நிறுவனங்களும் இலவசமாகத் தந்தவை. ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றி, உலாவியில் பழைய எழுத்தை ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தந்தது. பத்ரி சேஷாத்ரியின் சென்னைப் பதிப்பு நிறுவனமான நியூ ஹொரைசன் மீடியா 'என்எச்எம் ரைட்டர்', 'என்எச்எம் கன்வெர்ட்டர்' ஆகியவற்றை வழங்கியது. எக்ஸ்பியின் சிடி சிக்கலை ரைட்டரின் விசைப்பலகை வசதி பெருமளவு குறைத்தது. கன்வெர்ட்டர் திஸ்கி, டாப், டாம், பாமினி, வானவில் முதலியவற்றிலிருந்து மாற்றியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் திஸ்கி நூல்களைப் பின்னர் யூனிகோடிலும் வெளியிட்டது.

மாற்றும் வேலையில் ஒரு கண்ணி இருந்தது. திஸ்கியும் டாப்பும் ஆங்கிலத்தைத் தொடாதவை. கீழ்ப் பாதி 128 இடங்களில் ஆங்கிலமும் மேல் பாதியில் தமிழும் இருந்ததால் மாற்றி பிழையின்றி இயங்கியது. பாமினி போன்றவற்றில் ஆங்கிலமும் தமிழும் ஒரே எண்களைப் பகிர்ந்தன. எது எந்த மொழி என்பது அந்த இடத்தில் போடப்பட்ட எழுத்துருவின் பெயரால் மட்டுமே தெரியும். வெறும் எழுத்தாக நகலெடுத்தால் அப்பெயர் உதிர்ந்துவிடும். நூலில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் அடிக்குறிப்புகளும் மாற்றத்துக்குப் பின் தமிழ் எழுத்துக் குப்பையாக வரும். மெய்ப்புத் திருத்துநர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியதுதான். இருபது ஆண்டு உழைப்பில் அடித்த நூல்கள் மறுபதிப்புக்கு மீண்டும் தட்டச்சு செய்யப்பட்டதற்கு இதுவே பெரிய காரணம்.

2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு யூனிகோடையும் 'டேஸ் 16' என்னும் 16 பிட் குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டுக்கும் எழுத்துருக்களையும் மாற்றியையும் இலவசமாக அளித்தது. டேஸ் 16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அச்சுத்தொழிலுக்கு அதில் வசதி உண்டு. ஆனால் தனிப்பயன் பகுதியில் எந்த இயங்குதளமும் தானாகத் தமிழைக் காட்டாது. எழுத்துரு அழிந்தால் எழுத்தும் அழியும் பழைய நிலைக்கே அது திரும்பச் செல்கிறது.

2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அரசு மடிக்கணினிகளை வாங்கும் பொறுப்பு நந்தனத்தில் தலைமையகம் கொண்ட எல்காட் நிறுவனத்துடையது. அவற்றில் விண்டோஸும் சீ-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்து இருந்தன. விண்டோஸ் கெட்டு மறுபடி நிறுவினால், தொடக்கத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியல் மறைந்துவிடும். பாஸும் அதிலிருந்த பாடக் கோப்புகளும் அழிந்ததுபோல் தோன்றும். அவை வன்தட்டில்தான் இருக்கும். லினக்ஸ் குறுவட்டிலிருந்து தொடங்கி, ஏற்றியை மட்டும் மீண்டும் எழுதினால் பட்டியல் திரும்பும்.

விண்டோஸ் 10க்குப் பின்

2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10, புதுப்பிப்பைப் பயனரின் விருப்பத்திலிருந்து பெரும்பாலும் எடுத்துவிட்டது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான அதன் அரையாண்டுப் புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளை அழித்ததால் நான்கே நாட்களில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது. ஆவணக் கோப்புறையை டி போன்ற வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்கள் இதில் சிக்கினர். பழைய கோப்புறை வெறும் மிச்சம் என்று கருதிப் புதுப்பிப்பு அதை நீக்கியது. பாதுகாப்புக்கென்று கற்றுக்கொடுக்கப்பட்ட சி-டி பழக்கம் இங்கே பாதிப் பாதுகாப்பாகவே அமைந்தது.

லதா எழுத்துருவும் இக்காலத்தில் இடம் மாறியது. விண்டோஸ் 8 முதல் இந்திய மொழிகளுக்கு 'நிர்மலா யுஐ' வந்தது. விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவும்போது லதாவும் விஜயாவும் வருவதில்லை. அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதிக்குச் சென்று தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். யூனிகோடு என்பதால் எழுத்து படிக்கக் கிடைக்கும். ஆனால் பக்க அளவு மாறும், வரிகள் இடம் பெயரும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் தவறும்.

அழிக்காமல் மறுநிறுவல் செய்தால் விண்டோஸ், பழைய அமைப்பை 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையில் சில நாட்கள் வைத்திருக்கும். அதற்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து வானவில்லையும் பாமினியையும் எடுத்துவிடலாம். பழைய பதிப்புக்கே திரும்பும் வாய்ப்பு தொடக்கத்தில் 30 நாட்களாக இருந்து, 2016இல் 10 நாட்களாகக் குறைந்தது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அவற்றை லினக்ஸுக்கு மாற்றுவோருக்கு 'லோகித் தமிழ்' போன்ற எழுத்துருக்கள் எளிதில் கிடைக்கின்றன. யூனிகோடு கோப்புகள் தடையின்றித் திறக்கின்றன. 1990களின் கோப்புகளுக்கு மட்டும், அழிப்பதற்கு முன் பழைய ஃபான்ட்ஸ் கோப்புறையை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.